காரணம் என்ற கட்டம்

முதல் நாள் கதவைத் திறந்தேன்.
அவள் ஏறவில்லை.
"இன்றைக்கு வேண்டாம், நன்றி" என்றாள்,
நான் ஏதோ வீடு வீடாகச் சீப்பு விற்பவன்போல.
அவள் காலுக்குப் பின்னால்
பழுப்பு நிறத்தில் ஒரு நடுக்கம்.
கதவு புஸ்ஸென்று காற்றை விட்டதும்
குப்பைத்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே
போய்த் தன்னைச் செருகிக்கொண்டது.

இரண்டாம் நாளும் ஏறவில்லை.
பதினொன்றாம் நாளும்.
த்ரியெஸ்தே நகரப் பேருந்துக்கு
நேரம் என்று ஒன்று உண்டம்மா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் ஈரத் தரையில் குந்தியிருந்தாள்,
மூடிய கைக்குள் பாலாடைக்கட்டி.
கதவு சீறும். கை திறக்கும்.
கதவு சீறும். கை திறக்கும்.
அவ்வளவுதான் பாடம்.
நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெயர் சர்தோன்.
எங்கள் ஊர்ப் பேச்சில் நெத்திலிக்கு அதுதான் பெயர்.
முப்பது கிலோ நெத்திலி.
கார்ஸோ மேட்டில் ஒரு கல்குவாரியில்
நாலு வருடம் சங்கிலியில் கிடந்ததாம்.
லாரி பிரேக்கின் காற்றுச் சத்தம் முதலில் வரும்,
பின்னாலேயே ஒரு பூட்ஸ் கால்.
இதை நீவெஸ் சொன்னது
சிவப்பு விளக்கில், ஜன்னல் வழியாக,
நாற்பது நொடியில்.
மீதியை நான் கேட்கவில்லை.

நாய் வாலை நிமிர்த்த முடியாதென்பார்கள்.
நிமிர்த்த யார் கேட்டது?
தொடைகளுக்கு நடுவே ஒட்டிக்கிடந்த வால்
வெளியே வந்து
தன் கோணலோடு தொங்கினால் போதும் அவளுக்கு.
நவம்பர் முழுக்க அதற்கே போனது.
வாரத்துக்கு இரண்டு எட்டு:
கஷ்கொட்டை வறுப்பவன் வண்டியிலிருந்து
விளக்குக் கம்பம் வரை,
கம்பத்திலிருந்து மழைக்கூரை வரை.
ஒருநாள் யாரோ குடையை விரித்ததில்
மூன்று வாரம் பின்னால் போய்விட்டார்கள்.

நானும் கெட்டுப்போனேன்.
அவர்களைக் கண்டால்
கதவை ஒருமுறை கூடுதலாகத் திறந்து மூடுவேன்.
பின்னிருக்கையிலிருந்து விதுலிச் கத்துவார்:
"நாய்க்கா பஸ் ஓட்டுகிறாய்?"
சில நாள் ஆமாம்.

வாய்க்கூடை இல்லாமல் ஏற்றக் கூடாது, விதி.
கூடையின் உள்பக்கம் ஈரல் விழுது தடவி
முழங்காலில் வைத்துக்கொண்டு
வேறெங்கோ பார்ப்பாள்.
அதுவாக வந்து மூக்கை நுழைக்கும்,
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்ளும்
கணக்குப்பிள்ளை மாதிரி.

பிப்ரவரியில் போரா அடித்தது.
எங்கள் காற்று அது, மலையிலிருந்து இறங்கி
ஸ்கூட்டர்களை வரிசையாகச் சாய்த்துவிட்டுக்
கடலுக்குப் போகும்.
நிறுத்தத்தில் ஆட்கள் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்கள்.
இன்று வரமாட்டாள் என்றிருந்தேன்.
வந்திருந்தாள்.
படிக்கு நேர் எதிரே சர்தோன் உட்கார்ந்திருந்தது,
காது இரண்டும் பின்னுக்குப் பறக்க,
வால் வெளியே.

திறந்தேன். அசையவில்லை.
"வா" என்றாள் நீவெஸ். அசையவில்லை.
மூடினேன், திறந்தேன்.
என் முகத்தையே பார்த்தது.
பயம் இல்லை அந்தக் கண்ணில்,
கடைக்காரன் மீதிச் சில்லறை தர
மறந்துவிட்டால் பார்ப்போமே, அது.

பிறகுதான் புரிந்தது.
காற்று கதவின் சத்தத்தைத் தின்றுவிட்டது.
சீறல் வராமல் எப்படி ஏறும்?
எழுபது நாள் படித்த படிப்பு.

இருக்கையிலிருந்து எழுந்தேன்.
இருபத்திரண்டு வருடச் சேவை,
மார்பில் நகராட்சி முத்திரை.
படியில் குனிந்து
அதன் காதருகே
என் வாயாலேயே
"புஸ்ஸ்ஸ்" என்றேன்.

ஏறியது.

விதுலிச் எதையோ சொல்ல வந்து
தன் பையை மடிமேல் எடுத்து
இடம் விட்டார்.
நீவெஸ் இரண்டு டிக்கெட் அடித்தாள்.
ஒரே ஒரு நிறுத்தம்,
இறங்கிவிட்டார்கள். வந்த வழியே நடந்து
திரும்பிப் போவதைக் கண்ணாடியில் பார்த்தேன்,
இருவரும் எதிர்க்காற்றில் சாய்ந்தபடி.

பணிமனையில் படிவம் நீட்டினார்கள்.
தாமதம்: ஆறு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
பொய்யில்லை.